போக்காடு

கோட்டக்குப்பத்திலிருந்து தெற்கே முத்தியால்பேட்டையைத் தாண்டினால் புதுச்சேரியின் பழைய பகுதி. அங்கே கடைவீதியில் 1716-இல் ஒரு பெரிய மனிதருக்கு ஊரறியச் சாட்டையடி கொடுத்தார்கள். பெயர் நைனியப்பப் பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர்.

முந்தைய ஆண்டு, கிறிஸ்தவரல்லாதாரின் சடங்குகளுக்கு விதித்த கட்டுப்பாடுகளைப் பொறுக்காமல் வேலையாட்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கட்டுப்பாடுகளுக்காக நெருக்கியவர்கள் இயேசு சபைப் பாதிரிமார்கள். கிளர்ச்சியைத் தூண்டிவிட்டார் என்ற பழி மட்டும் நைனியப்பர் தலையில் விழுந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். 50 அடி, மூன்றாண்டுச் சிறை, அபராதம். 1717-இல் சிறையிலேயே இறந்தார்.

இதைத்தான் பலிகடா ஆக்குவது என்கிறோம். ஆனால் இந்தக் கருத்து பிறந்த, பைபிளின் லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் வெட்டுப்படுவது வேறு கிடா. மக்களின் பாவத்தையெல்லாம் தலையில் ஏற்றி, உயிரோடு வனாந்தரத்துக்குத் துரத்தப்படுவது இன்னொரு கிடா. தமிழ் பைபிள் அதற்குப் 'போக்காடு' என்று பெயர் வைத்தது. எனக்கு இந்தச் சொல்லே சரியாகப் படுகிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார்டு (1923–2015) சொன்னது இது: ஊருக்குள் பகை முற்றும்போது எல்லோரும் சேர்ந்து ஒருவனைக் குற்றவாளி ஆக்குவார்கள், அவனை ஒழித்ததும் ஊர் அமைதியாகும். பழைய புராணங்கள் இந்தக் கதையைக் கூட்டத்தின் பக்கம் நின்று சொல்லின. சிலுவைக் கதையோ கொல்லப்பட்டவர் குற்றமற்றவர் என்கிறது. அதை ஓதியவர்களே இங்கே நைனியப்பரைத் தண்டிக்கத் துணைநின்றார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவருக்காகப் பிரான்ஸில் வாதாடியவர்களிலும் வேறு சபைப் பாதிரிமார்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பலியானவர் குற்றமற்றவர் என்ற உண்மை தெரிந்துவிட்டால் பலி பழையபடி அமைதி தராது. மனம் திருந்தாமல் பலியை மட்டும் பெருக்கினால் வன்முறைக்கு எல்லை இருக்காது. கடைசிக் காலத்தின் நெருப்பு வானத்திலிருந்து வராது, மனிதரே மூட்டுவார்கள் என்று ஜிரார்டு 2007-இல் வெளியான நூலில் எச்சரித்தார்.

நம் காலத்திலும் இது நடந்தது. 2020 மார்ச் இறுதியில் கொரோனாப் பழி, டெல்லி தப்லீக் ஜமாத் கூட்டத்தைச் சாக்கிட்டு நாடெங்கும் முஸ்லிம்கள் மேல் சுமத்தப்பட்டது. கோட்டக்குப்பம் போல முஸ்லிம்கள் நிறைந்த ஊர்களுக்கு அது என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. டெல்லிக் கூட்டத்துக்கு வந்திருந்த வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று அந்த ஆண்டு ஆகஸ்டு 21-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை சொல்லி, அவர்கள் மேலிருந்த வழக்குகளை ரத்து செய்தது.

நைனியப்பர் நிரபராதி என்ற தீர்ப்பு 1720-இல்தான் வந்தது. அவர் இறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது.