கல் சுடும் முன்னே கங்கைகொண்ட சோழபுரம்

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது: “டாக்டர், அப்பாவையும் வெளியூருக்கு அழைத்துப் போகலாமா?” கேட்பவர் மகளாகவோ மருமகனாகவோ இருப்பார். அருகில் அமர்ந்திருக்கும் பெரியவரோ ஒன்றும் பேசாமல் எங்கள் முகத்தையே பார்த்திருப்பார். வேண்டாமென்று சொல்லுவது எளிது. ஆனால் அந்த ஒரு சொல் அவரை வீட்டில் தனியே அமர்த்திவிடும். ஆகவே உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு நாங்கள் சொல்வது, “போகலாம், திட்டமிட்டுப் போங்கள்” என்பதே. அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ கண்டவர்கள் மட்டும் மருத்துவரின் இசைவின்றிப் புறப்படலாகாது.

திருச்சியிலிருந்து ஒருநாள் பயணத்துக்கு ஏற்றது உடையார்பாளையம் வட்டாரம். சிதம்பரம் சாலையில் லால்குடி, கீழப்பழுவூர், உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம் வந்துவிடும். முதலாம் இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இக்கோயில் 2004இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்ச்சி குன்றியிருந்தால், வெயிலில் காய்ந்த கற்பாவின் சூடு தெரியாது. வலியில்லாமலே பாதம் வெந்து கொப்புளமாகும். அது புண்ணாகி, சிலருக்கு விரலையே இழக்க நேர்கிறது. ஆகவே விடியுமுன் புறப்பட்டு, ஒன்பது மணிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள். தடித்த பருத்திக் காலுறை அணியுங்கள். அதுவும் ஓரளவே காக்கும் என்பதால் நிழலிலும் புல்தரையிலும் நடப்பதே நல்லது. சன்னிதிக்குப் படி ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் வெளியே நின்று விமானத்தையும் பெரிய நந்தியையும் கண்டு நிறைவடையலாம்.

பாதம் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டி, தூய துணியால் மூடி, மருத்துவமனைக்கு வாருங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை எதுவும் வேண்டா. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

வழியில் உணவு தாமதமாகலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குக் கையில் இட்லிப் பொட்டலமும் சர்க்கரையும் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே சர்க்கரை கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். பனிக்கட்டியோடு ஒட்டியும் வைக்காதீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்வோர் முறை நாளைத் தள்ளிப்போடாமல் இடைநாளில் செல்லவேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு விதித்த தண்ணீர் அளவு பயணத்திலும் மாறாது. ஒன்றரை மணிக்கொருமுறை வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தால் கால் வீக்கம் குறையும்.

கோயில் நடை சாத்தும் நடுப்பகலில் ஓய்வெடுத்து, வெயில் தாழ்ந்தபின் திரும்பலாம். குளிர்காலமாயின், கீழப்பழுவூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரியில் வெளிநாட்டுப் பறவைகளைக் காணலாம். 2024இல் அது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் ஒதுக்க முடிந்தோர் கும்பகோணத்தில் தங்கி, மறுநாள் தாராசுரத்தையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் கண்டு திரும்பலாம். அவ்வாறு பிரித்துக்கொண்டால் ஒரே நாளில் ஓடும் களைப்பு இராது.

வீடு திரும்பியதும் ஒரு வேலை மீதமிருக்கிறது. பெரியவரை விளக்கருகே அமர்த்தி, இரு பாதங்களையும் விரலிடுக்கு உட்பட நீங்களே பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தென்பட்டால் மறுநாள் காலையே எங்களிடம் அழைத்து வாருங்கள். ஒன்றுமில்லையெனில், அடுத்த பயணத்துக்கு நாள் குறியுங்கள். அவரையும் கேட்டே குறியுங்கள்.