மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஒரு பதக்கம் உண்டு
பாராலிம்பிக்கில் இந்தியா: 1968 முதல் 2024 வரை

பி.டி. பீரியட் வந்தால் காலில் குறையுள்ள பிள்ளையை மைதானத்து மரத்தடியில் உட்காரவைத்து, மற்றவர்களின் செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்ளச் சொல்வது நம் பள்ளிகளில் பழகிப்போன காட்சி. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் அப்படிச் செய்யவில்லை. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிய ஒரு மாணவனை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். பதினான்கு வயதில், குறை ஏதுமில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு அந்தச் சிறுவன் இரண்டாமிடம் பிடித்தான். 2016இல் ரியோ டி ஜெனிரோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு அவர்தான். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

பெரம்பலூரில் பேருந்து ஏறினால் ஆத்தூர் வழியாகச் சில மணி நேரத்தில் சேலம் போய்விடலாம். ரியோவுக்குப் போன பாதை நம் பக்கத்து ஊரில்தான் தொடங்கியது. அந்தப் பாதையை நாடு எப்படிப் போட்டது என்று தெரிந்துகொண்டால், பெரம்பலூரும் அரியலூரும் செய்ய வேண்டியது என்ன என்பதும் புரியும்.

தொடக்கம் எங்கே?

இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தவர் லுட்விக் குட்மன். விளையாட்டையே மருந்தாகக் கொடுத்தவர் அவர். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்று, 16 பேரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுவே வளர்ந்து 1960இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் ஆனது.

இந்தியா முதலில் கலந்துகொண்டது 1968இல், டெல் அவிவ் நகரில். சென்றவர்கள் 10 பேர், பதக்கம் இல்லை. 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் முரளிகாந்த் பெட்கர் 50 மீட்டர் நீச்சலில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர் அவர். 1965 போரில் குண்டடி பட்டபின் தண்ணீரில் இறங்கினார். அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2018இல். இடையில் போன காலம் 46 ஆண்டுகள்.

1976இலும் 1980இலும் இந்தியா யாரையுமே அனுப்பவில்லை. 1984இல் ஜோகிந்தர் சிங் பேடி மூன்று பதக்கங்களும், பீம்ராவ் கேசர்கர் ஒன்றும் கொண்டுவந்தனர். அடுத்த பதக்கத்துக்கு நாடு இருபது ஆண்டு காத்திருந்தது. 2004 ஏதென்ஸில் தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறிதலில் தங்கமும், ராஜிந்தர் சிங் ரஹேலு வலுதூக்குதலில் வெண்கலமும் வென்றனர்.

திடீரென்று பதக்கம் குவிந்தது எப்படி?

இந்த எண்களைப் பாருங்கள். 2008 பெய்ஜிங்: சென்றவர்கள் 5, பதக்கம் இல்லை. 2012 லண்டன்: 10 பேர், 1 பதக்கம். 2016 ரியோ: 19 பேர், 4 பதக்கம். 2021இல் நடந்த டோக்கியோ போட்டி: 54 பேர், 19 பதக்கம். 2024 பாரிஸ்: 84 பேர், 29 பதக்கம், அதில் தங்கம் மட்டும் 7. கடைசி இரண்டு போட்டிகளிலும் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒரு பதக்கம் என்ற கணக்கு.

திறமை ஒரே இரவில் முளைத்துவிடவில்லை. அனுப்பப்பட்டவர்கள் கூடினார்கள், பதக்கமும் கூடியது. 2014இல் தொடங்கிய ஒன்றிய அரசின் ஒலிம்பிக் பதக்க மேடைத் திட்டம் பாரா வீரர்களுக்கும் பயிற்சிச் செலவைக் கொடுத்தது. டோக்கியோவில் இறகுப்பந்து முதன்முறையாகப் பாராலிம்பிக்கில் சேர்ந்தது, தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. பாரிஸில் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் வெள்ளியும், திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ், ஓசூரின் நித்யஸ்ரீ சிவன் ஆகியோர் வெண்கலமும் வென்றனர். துளசிமதி அப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி.

யார் எந்தப் பிரிவில் ஆடலாம்?

பெற்றோர் பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான். அரசு தரும் சான்றிதழில் 40 சதவீதம், 60 சதவீதம் என்றிருக்கும். விளையாட்டில் அந்தச் சதவீதம் செல்லாது. அந்த விளையாட்டுக்கு உடலின் எந்த இயக்கம் எவ்வளவு தேவை, அதில் எது குறைகிறது என்று பயிற்சி பெற்ற வகைப்பாட்டாளர்கள் சோதித்துப் பிரிப்பார்கள். தடகளத்தில் ‘டி’ என்பது ஓட்டத்தையும் தாண்டுதலையும், ‘எஃப்’ என்பது எறிதலையும் குறிக்கும். அந்த எழுத்துக்குப் பின் வரும் எண்களில் 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 40, 41 உயரக் குறைவு. ஐம்பதுகளில் வருபவை உட்கார்ந்தபடி போட்டியிடுவோருக்கு. இறகுப்பந்தில் ‘எஸ்.யு.5’ கைக் குறைபாட்டுக்கும், ‘எஸ்.எச்.6’ உயரக் குறைவுக்கும் உரியவை.

இந்தப் பிரிப்பு எவ்வளவு கண்டிப்பானது என்பதை டோக்கியோவில் பார்த்தோம். இந்திய வீரர் ஒருவர் வட்டு எறிதலில் வென்ற வெண்கலம், வகைப்பாட்டில் சேரவில்லை என்று மறுபரிசீலனையில் பறிபோனது. அதனால் பிள்ளை எந்தப் பிரிவில் வருவான் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது பயிற்சியின் முதல் பாடம்.

காது கேளாதோர் பாராலிம்பிக்கில் ஆட முடியாது. அவர்களுக்கு 1924 முதலே டெஃப்லிம்பிக்ஸ் என்ற தனிப் போட்டி இருக்கிறது. நல்ல காதிலும் 55 டெசிபல் அளவுக்காவது கேட்கும் திறன் குறைந்திருக்க வேண்டும். களத்தில் காதுக் கருவியைக் கழற்றிவிட வேண்டும். 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் மதுரையின் ஜெர்லின் அனிகா இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்றார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 1968இல் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உண்டு. அதன் 2023 பெர்லின் போட்டியில் இந்தியா 202 பதக்கம் பெற்றது.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

அரியலூரிலிருந்து இந்திய ஹாக்கி அணிக்குப் போனவர் கார்த்தி செல்வம். கோவில்பட்டி ஹாக்கி அகாடமி அவருக்கு ஏணியாக இருந்தது. அப்படியோர் ஏணியின் முதல் படியை மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் நாம் போட்டுத்தர வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட அளவிலேயே பெயர் கொடுக்கலாம். தேசிய அடையாள அட்டை இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை முதலில் அணுக வேண்டும். போட்டி விவரங்களை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம்.

வேப்பூரிலிருந்தும் ஆண்டிமடத்திலிருந்தும் தவழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு வரும் தாய்க்கு ஒருநாள் கூலி போகும். அவர் வரும்வரை காத்திருக்காமல், வகைப்பாடு தெரிந்த ஒரு பயிற்சியாளர் ஒன்றியம் ஒன்றியமாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய அரங்கம் தேவையில்லை. ஓர் அளவு நாடாவும், ஒரு குண்டும், பள்ளி மைதானமும் போதும்.

நாளை பி.டி. பீரியட் மணி அடிக்கும்போது, பைகளை வகுப்பறையிலேயே வைத்துப் பூட்டிவிடலாம். மரத்தடியில் இருப்பவனிடம், “நீ என்ன விளையாடுறே?” என்று ஆசிரியர் கேட்கட்டும். பெரியவடகம்பட்டியில் நடந்தது அவ்வளவுதான்.