கடற்கல எஞ்சினின் நோயறிதல்

தமிழாசிரியர்க்கும் எஞ்சினுக்கும் யாது தொடர்பென அன்பர் வினவலாம். நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்தே மருந்து செய்க என்றார் வள்ளுவர். அவ்விதி எஞ்சினுக்கும் பொருந்துதலின் நாம் இதனை எழுதத் துணிந்தோம்.

அக்கரைப்பற்று முதல் கல்முனை வரையுள்ள நம் கரையிலிருந்து ஆழ்கடல் செல்லும் பலநாட் படகுகள் டீசல் எஞ்சினை நம்பியே செல்கின்றன. நடுக்கடலில் அது நின்றுவிடின் படகு நீரோட்டத்தின் வசப்படும். ஆட்களின் உயிர் ஊசலாடும். ஆயின் எஞ்சின் பெரும்பாலும் முன்னறிவித்தே நோயுறுகின்றது.

கரும்புகை, காற்றுப் போதாமையையோ சுமை மிகுதியையோ காட்டும். நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் உருளையினுட் புகுந்து எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, டீசல் சரிவர எரியாமையையோ நீர் உட்புகுந்தமையையோ காட்டும். எண்ணெய் பால்போல் வெளிறின், அதில் நீர் கலந்துள்ளது. உலோகத்துகள் மின்னின், உள்ளுறுப்புகள் தேய்கின்றன.

ஒரு நாட் குறி மட்டும் போதாது. பெருங்கப்பல்களில் உருளையின் அமுக்கம், அதிர்வு, புகையின் வெப்பம் ஆகியவற்றைக் கருவிகள் இடையறாது பதிகின்றன. சிறு படகுக்கோ ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். எண்ணெயின் அமுக்கத்தையும் குளிர்நீரின் வெப்பத்தையும் நாடோறும் குறித்து வருக. இயல்பை அறிந்தவனுக்கே மாற்றம் புலனாகும்.

மாணவர்காள்! கடற்றொழில் புரியும் நும் உறவினர்க்கு இக்குறிப்பேட்டினைத் தொடங்கிக் கொடுமின். நீவிர் கற்ற கல்வி ஒரு படகையேனும் கரைசேர்க்குமாயின், அதுவே நம் கல்லூரிக்குப் பெருமை.