நொறுங்கிய மோட்டார் சைக்கிளும் நஷ்ட ஈடும்

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வழியாகப் பாம்பன் பாலத்தைக் கடந்து இராமேஸ்வரம் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தால், நம் கிராமங்களின் வாழ்வு இரண்டு சக்கரங்களில் ஓடுவதைக் காணலாம். மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்கு விரையும் வியாபாரி, மிளகாய் மூட்டையை ஏற்றிச் செல்லும் விவசாயி, பால் கேன்களுடன் செல்பவர் ஆகிய எல்லோரும் மொபெட்டையோ மோட்டார் சைக்கிளையோ நம்பியே பிழைக்கின்றனர். 1988ஆம் ஆண்டில் பாம்பனில் சாலைப் பாலம் திறக்கப்பட்டது முதல் தீவுக்கும் கரைக்கும் இடையே இப்போக்குவரத்து பெருகிற்று. அதே சாலையில் பல மாநிலங்களிலிருந்தும் யாத்திரிகர்களின் வேன்களும் பஸ்களும் இரவு பகலாக வருகின்றன. சிறிய வண்டியும் பெரிய வண்டியும் மோதினால் நொறுங்குவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

விபத்தில் உயிர் போனாலும் உடலில் காயம் பட்டாலும் நஷ்ட ஈடு கேட்கலாம் என்பதை நம் மக்கள் பெரும்பாலும் அறிவர். ஆனால், ஆள் தப்பி வண்டி மட்டும் பயனற்றுப் போகும்போது, "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வீடு திரும்பிவிடுகின்றனர். பிறகு கடன் வாங்கி வேறு வண்டி வாங்குகின்றனர். வண்டியின் விலையையும், அது இல்லாததால் ஏற்பட்ட உபரிச் செலவையும் தவறு செய்தவரிடமும் அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்குரிய முறையை இக்கட்டுரையில் விளக்குவோம்.

யாருடைய இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கும்?

மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாம் நபர் பொறுப்பு இன்ஷூரன்ஸ் நம் நாட்டில் 1946 ஜூலை 1 முதல் கட்டாயமாக இருந்து வருகிறது. இப்போது அமலில் உள்ள 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவும் இதையே வற்புறுத்துகிறது. இந்த இன்ஷூரன்ஸ், வண்டியின் சொந்தக்காரர் பிறருக்கு இழைக்கும் தீங்குக்காக எடுக்கப்படுவது. அவருடைய சொந்த வண்டிக்கு நேரும் சேதத்தை அது ஈடு செய்யாது. ஆகவே, "நானும் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறேனே" என்று மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர் தம் கம்பெனியை நாடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவர் நாட வேண்டியது மோதிய வண்டியின் கம்பெனியை.

இங்கு ஒரு நிபந்தனையை மறக்கலாகாது. மரணத்துக்கும் கொடுங்காயத்துக்கும் தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே நஷ்ட ஈடு பெற 164ஆம் பிரிவு வழி செய்கிறது. வண்டிச் சேதத்துக்கு அவ்வழி இல்லை. எதிர் வண்டியை ஓட்டியவர் கவனக் குறைவாக ஓட்டினார் என்று காட்டவேண்டும். இரு தரப்பிலும் தவறு இருக்குமாயின் நம் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும்.

வண்டியின் விலை எவ்வாறு கணக்கிடப்படும்?

பழுது பார்க்கும் செலவு வண்டியின் அன்றைய மதிப்பை நெருங்கினால் அதைச் செப்பனிடுவதில் பொருளில்லை. சொந்த சேதத்துக்கும் பாலிசி எடுத்திருந்தால், அதில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் பழுதுச் செலவு போகும்போது, வண்டி முழு நஷ்டம் என்று கருதப்படும். அப்பாலிசிகளில் வண்டியின் வயது ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டாயின் 20 சதவீதமும், இரண்டிலிருந்து மூன்று ஆண்டாயின் 30 சதவீதமும், நான்கிலிருந்து ஐந்து ஆண்டாயின் 50 சதவீதமும் தேய்மானம் கழிப்பது வழக்கம். எதிர் வண்டியின் கம்பெனியிடம் கேட்கும்போது, விபத்துக்கு முந்திய நாளில் அவ்வண்டி என்ன விலை போகும் என்பதே அடிப்படை. அதிலிருந்து உடைந்த வண்டியை விற்ற தொகையைக் கழிக்க வேண்டும். கடற்கரைப் பகுதியில் உப்புக் காற்றினால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். பழைய துருவைக் காட்டி மதிப்பைக் குறைக்க முயல்வர். வண்டியை நன்கு பராமரித்ததற்கான சர்வீஸ் ரசீதுகள் அப்போது கைகொடுக்கும்.

உபரிச் செலவுகள்

நம் மக்கள் அதிகமாகக் கைவிடுவது இந்தப் பகுதியையே. ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பாம்பனிலிருந்து உச்சிப்புளிப் பக்கம் மீன் கொண்டுசெல்லும் ஒரு வியாபாரியின் மொபெட்டை ஒரு வேன் மோதி நொறுக்கியது என்று வைத்துக்கொள்வோம். விபத்துக்கு முன் வண்டியின் விலை ரூ.30,000. இரும்பாக விற்றதில் கிடைத்தது ரூ.4,000. ஆக, வண்டியின் நஷ்டம் ரூ.26,000.

இனி மற்றவை: உடைந்த வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்த வாடகை ரூ.1,500, ஒர்க்‌ஷாப்பில் மதிப்பீடு எழுதியதற்கும் வண்டியை நிறுத்தியதற்கும் ரூ.800, உடைந்த ஐஸ் பெட்டியும் தராசும் ரூ.3,200, ஹெல்மெட் ரூ.1,000. வேறு வண்டி கிடைக்கும்வரை 20 நாள் ஆட்டோவில் மீன் கொண்டுபோனதற்கு நாள் ஒன்றுக்கு ரூ.350 ஆயிற்று. சொந்த வண்டியாயின் ரூ.100க்குப் பெட்ரோல் போட்டிருப்பார். அதைக் கழித்தால் மிச்சம் ரூ.250. 20 நாளுக்கு ரூ.5,000. இவற்றின் கூட்டுத் தொகை ரூ.11,500. மொத்தம் ரூ.37,500. வண்டியின் விலையை மட்டும் கேட்டிருந்தால், நஷ்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவர் இழந்திருப்பார்.

இத்தகைய கணக்கில் இரண்டு நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். ஒரே இழப்பை இரண்டு பெயரில் கேட்கலாகாது. ஆட்டோ வாடகை கேட்பவர் அதே நாட்களுக்கு வியாபாரம் நின்றதாகவும் வருமானம் கேட்க முடியாது. சொந்தக் கம்பெனியிடம் பெற்ற தொகையை மறுபடியும் எதிர்க் கம்பெனியிடம் பெற முடியாது. அடுத்து, நஷ்டத்தைத் தேவையின்றி வளர்க்கலாகாது. இருபது நாளில் முடியக்கூடிய காரியத்துக்கு ஆறு மாத வாடகை கேட்டால் எவரும் ஏற்கமாட்டார்கள்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை

மோதிய வண்டியின் எண், இரு வண்டிகளும் நின்ற நிலை, சாலையின் தடம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். கண்ணால் கண்டவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடனே போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலையோ, குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்புச் சீட்டையோ பெற வேண்டும். மோதிய வண்டியின் சொந்தக்காரர் யார், எந்தக் கம்பெனியில் இன்ஷூரன்ஸ் என்ற விவரங்களை, நஷ்ட ஈடு கோருபவர் கேட்டால் போலீஸாரும் பதிவு அதிகாரியும் தரவேண்டும் என்று 160ஆம் பிரிவு கூறுகிறது. பிறகு அக்கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதி, சேதத்தைப் பார்வையிட ஆள் அனுப்புமாறு கேட்க வேண்டும். அதற்கு முன் வண்டியை இரும்புக் கடைக்கு விற்றுவிடலாகாது. வண்டி இனி ஓடாது என்று முடிவானதும், 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அறிவித்து ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்னர் நகல் எடுத்துக்கொள்வது அவசியம்.

ஆட்டோக்காரரிடமும் ஐஸ் பெட்டி வாங்கிய கடையிலும் தேதியிட்ட ரசீது கேட்டுப் பெறக் கூச்சப்படலாகாது. ரசீது இல்லாத செலவு வாயால் சொன்ன செலவாகவே நின்றுவிடும்.

எங்கே மனுச் செய்வது?

கம்பெனி வண்டியின் விலைக்கு இணங்கினாலும், உபரிச் செலவுகளை நேரில் பேசும்போது மறுப்பதுண்டு. அப்போது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து நடந்த இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலோ, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலோ மனுச் செய்ய 166ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே, மோதிய வேன் வடநாட்டு வண்டியாயினும் நம் வியாபாரி அங்கு செல்ல வேண்டியதில்லை. இராமநாதபுரத்திலேயே வழக்கை நடத்தலாம். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மனுவில் ஓட்டியவர், சொந்தக்காரர், கம்பெனி ஆகிய மூவரையும் எதிர் மனுதாரர்களாகச் சேர்ப்பது நலம். வழக்கமான பாலிசிகளில் பிறர் சொத்துச் சேதத்துக்குக் கம்பெனியின் பொறுப்பு இருசக்கர வண்டியாயின் ரூ.1,00,000 வரையும், மற்ற வண்டிகளாயின் ரூ.7,50,000 வரையும் இருக்கும். ஆனால், பிரீமியத்தைக் குறைத்துக்கொள்வதற்காகச் சிலர் இதை ரூ.6,000 அளவில் சுருக்கிக்கொள்வர். நம் உதாரணத்தில் அவ்வாறு இருந்தால், கம்பெனி ரூ.6,000 மட்டுமே தரும். மீதியைச் சொந்தக்காரரிடமும் ஓட்டியவரிடமும் பெறவேண்டியிருக்கும். மோதியது இன்ஷூரன்ஸிலிருந்து விலக்குப் பெற்ற அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்ஸாயின், கழகத்தின் மீதே மனுச் செய்ய வேண்டும்.

வக்கீல் செலவுக்கு அஞ்சுவோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் இலவச உதவி கிடைக்கும். இரு தரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் விரைவில் முடித்துக்கொள்ளலாம். ஆயினும் அங்கு ஏற்படும் சமரசத்தின் மேல் அப்பீல் இல்லையாதலால், கணக்கை முழுமையாகப் பார்த்த பின்னரே இணங்க வேண்டும். கம்பெனி நீட்டும் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற சீட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வண்டி விலையை மட்டும் பெற்றவர் அதில் கையெழுத்திட்டால், மற்றச் செலவுகளைப் பின்னர் கேட்பது மிகவும் கடினமாகிவிடும்.

பஞ்சாயத்தின் கடமை

இவ்வுரிமை பயன்படுவதற்கு எல்லா வண்டிகளுக்கும் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டுப் பாலிசி விற்கப்படுகிறது. ஐந்தாண்டு முடிந்ததும் அதைப் புதுப்பிக்க மறப்பவர் பலர். அவர்கள் வண்டி பிறருக்குச் சேதம் விளைத்தால், தங்கள் நிலத்தையோ நகையையோ விற்றுக் கொடுக்க நேரிடும். பஞ்சாயத்தைச் சேர்ந்தவர்கள் கிராம சபைக் கூட்டத்தில் இவ்விஷயத்தை எடுத்துச் சொல்லி, பாலிசி முடியும் தேதியைப் பார்த்துக்கொள்ளுமாறு வண்டிக்காரர்களைத் தூண்டவேண்டும். விபத்து நேர்ந்த குடும்பத்துக்குப் புகார் எழுதவும், ரசீதுகளைத் திரட்டவும் படித்த இளைஞர் ஒருவர் துணை நின்றால், அது நூறு ஆறுதல் மொழிகளுக்குச் சமம். விடியற்காலையில் மீன் பெட்டியுடன் புறப்படும் ஏழை வியாபாரி, பிறர் தவறுக்காகத் தான் கடனாளி ஆகாமலிருக்க இத்துணை உதவும்.