சளிக்கு ஆன்டிபயாடிக் வேணுமா?



நம்ம ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளில் தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அதனால் ஷிப்ட் முடிந்து வரும்போதே மெடிக்கல் ஷாப்பில், "சளி பச்சையா வருது, ஆன்டிபயாடிக் குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாத்திரை சளியை நிறுத்துமா?

நிறுத்தாது! ஏன்?

ஜலதோஷம் வருவது வைரஸால். 200-க்கும் மேற்பட்ட வகைகளில் முக்கியமானது ரைனோ வைரஸ். ஆன்டிபயாடிக் தாக்குவதோ பாக்டீரியாவை. அமாக்ஸிசிலின் அதன் செல் சுவரைக் கட்டவிடாது. அசித்ரோமைசின் அதன் ரைபோசோமைத் தடுக்கும். வைரஸுக்கு இரண்டுமே கிடையாது. அப்புறம் மருந்து எதைத் தாக்கும்?

அப்படின்னா பச்சை நிறம்? வைரஸை எதிர்க்க வரும் நம் வெள்ளையணுக்களில் இரும்பு கலந்த பச்சை நொதி ஒன்று இருக்கிறது. அவை சளியில் சேரச் சேர நிறம் மாறும். நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று சொல்ல முடியாது.

அசித்ரோமைசின் குடும்ப மருந்துகள் சில நாள்பட்ட நுரையீரல் நோய்களில் சளியைக் குறைப்பதுண்டு. ஜலதோஷத்திலும் குறைக்குமா என்று அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்கு ரைனோ வைரஸைத் தொற்றவைத்து, கிளாரித்ரோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான முடிவு: சொல்லும்படியான பயன் இல்லை.

"எனக்குச் சரியாச்சே!" என்பீர்கள். இரண்டு, மூன்று நாளில் சளி உச்சத்துக்குப் போகும். அன்றைக்குத்தான் மாத்திரை போடுவோம். பிறகு அது தானாகவே குறையும். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

நஷ்டமும் உண்டு. குடலிலுள்ள நல்ல பாக்டீரியா செத்து வயிற்றுப்போக்கு வரலாம். மருந்துக்குச் சாகாத பாக்டீரியா பெருகும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்தால் அதே மருந்து கேட்காமல் போகலாம். 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட 'சென்னை பிரகடனம்' இந்த ஆபத்தைத் தடுக்கத்தான் வழி சொன்னது.

என்ன செய்யலாம்?
* ஓய்வு, வெந்நீர், உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பு.
* கம்பெனி பஸ்ஸில், வகுப்பில் இருமும்போது வாயை மூடுங்கள். கை கழுவுங்கள்.
* மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், பத்து நாள் ஆகியும் குறையாத சளி, குறைந்து மறுபடி கூடினால் உடனே டாக்டரிடம் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள்.
* டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் சொன்னபடி சாப்பிடுங்கள்.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருக்கா? டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று அர்த்தம். இன்றைக்கே வீட்டில் காட்டிச் சொல்லுங்கள்.

சிவப்பு சிக்னல் பார்த்தால் வண்டி நிற்கும். சிவப்புக் கோடு பார்த்தால் நாமும் நிற்போம்!