நீராவி எஞ்சின் ‘ராக்கெட்’: ஓடியது எப்படி? நிற்க முடியாதது ஏன்?

‘ராக்கெட்’ என்றதும் விண்வெளிதானே உங்கள் நினைவுக்கு வரும்? ஆனால் 1829-லேயே அந்தப் பெயரில் ஒரு ரயில் எஞ்சின் ஓடியது. இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ராபர்ட் ஸ்டீவன்சனின் தொழிற்சாலை அதைத் தயாரித்தது. இப்போது அந்நாட்டின் தேசிய ரயில்வே அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. அதன் படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டு படிங்க, எளிதாகப் புரியும்.

முதலில் கொதிகலன். முந்தைய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் சூடான புகை போவதற்கு ஒன்றிரண்டு பெரிய குழாய்கள்தான் இருந்தன. ராக்கெட்டில் 25 செம்புக் குழாய்கள். சூடு படும் பரப்பு கூடியதால் தண்ணீர் சீக்கிரமே ஆவியானது.

அடுத்து புகைபோக்கி. வேலை முடிந்த நீராவி அதற்குள் வேகமாகப் பாயும். அந்த வேகம் புகையை மேலே இழுக்கும். அடுப்புக்குள் புதுக் காற்று நுழையும். அதாவது, வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க நெருப்பும் நன்றாக எரியும்.

மூன்றாவது, இரண்டு சிலிண்டர்கள். அவற்றோடு இணைந்த தண்டுகள் முன் சக்கரங்களை நேரடியாகச் சுழற்றின. முதலில் சிலிண்டர்கள் அதிகச் சாய்வாக இருந்ததால் வண்டி குலுங்கியது. பிறகு அவற்றைத் தாழ்த்திப் பொருத்தினார்கள்.

இந்த வடிவமைப்புதான் 1829 அக்டோபரில் ரெயின்ஹில் போட்டியில் ராக்கெட்டுக்கு 500 பவுண்டு பரிசு வாங்கித் தந்தது.

ஆனால் ஒன்று மட்டும் அதில் இல்லை: பிரேக்! 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையின் தொடக்க விழா. தண்ணீர் நிரப்ப ஒரு ரயில் நின்றது. கீழே இறங்க வேண்டாம் என்று சொல்லியும் சிலர் இறங்கினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசனும் அவர்களில் ஒருவர். பக்கத்துத் தண்டவாளத்தில் ராக்கெட் வந்தது. அதை உடனே நிறுத்த முடியவில்லை. அவருடைய கால் நசுங்கியது, அன்றிரவே இறந்துபோனார்.

இன்றைய ரயில்களில் காற்றழுத்த பிரேக் இருக்கிறது. அப்படியிருந்தும், முழு வேகத்தில் வரும் ரயில் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தேவைப்படலாம். ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பதால் மட்டும் ரயில் நின்றுவிடாது. எனவே தண்டவாளத்தில் செல்ஃபி வேண்டாம். காதில் இயர்போனோடு கடக்கவும் வேண்டாம். நடைமேம்பாலத்தில் ஏறிப் போங்க. ரயில் பயணத்தில் உதவி தேவைப்பட்டால் 139 என்ற எண்ணை அழையுங்கள்.