கமராவுக்கு உங்கள் சரக்கு எதுவென்று தெரியாது

கடைக்கு வருகிற வாடிக்கையாளர் துணியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நூலின் நெருக்கத்தைப் பார்ப்பார். தூர இடத்து வாடிக்கையாளருக்கு இந்த வசதி கிடையாது. நாம் அனுப்புகிற படம்தான் அவருக்குக் கண்ணும் கையும். முன்பு சாம்பிள் துண்டு வெட்டிப் பார்சலில் அனுப்பிய எம்மவர்கள் இன்று வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். அந்தப் படம் மங்கலாக இருந்தால் நல்ல சரக்கும் கழிவுச் சரக்குப் போலத்தான் தெரியும். விலை பேசும் கட்டத்துக்கே வியாபாரம் வராது.

கெய்சர் வீதியில் மொத்த வியாபாரம் செய்கிற எனக்குத் தெரிந்த நானா ஒருவர், போனில் எடுக்கும் படங்கள் போதாது என்று மகனின் யோசனைப்படி ஒரு டிஜிட்டல் கமரா வாங்கினார். புதிதாக வந்த சாரங்களைப் படம் எடுத்துக் கல்முனையில் உள்ள ஒரு கடைக்காரருக்கு அனுப்பினார்கள். "கரை வேலைப்பாடு விளங்கவில்லையே, வேறு படம் இருக்கிறதா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதே மாதிரியான படம்தான் போனது. மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. வேறொருவரிடம் வாங்கிக்கொண்டார்.

நானாவின் கோபமெல்லாம் கமராவின் மீது. "பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் தம்பி, பாதி விலைக்காவது தள்ளிவிடப் போகிறேன்" என்று என்னிடம் கொண்டுவந்தார். பல வருடங்களாக என் கடைச் சரக்கை நானே படம் எடுப்பவன் என்பது அவருக்குத் தெரியும். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசை மேலிருந்த சாரம் மங்கல். ஆனால் பின்னால் இறாக்கையில் இருந்த பெட்டிகளின் எழுத்துக்கள் ஒன்றுவிடாமல் வாசிக்கக்கூடியதாக இருந்தன. கமராவில் பழுதே இல்லை. அது தன் வேலையைச் செய்திருந்தது. எதன் மேல் செய்வது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டோ போகஸ் என்றால் என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு குறிப்பிட்ட தூரத்தைத்தான் மிகத் தெளிவாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் போகப்போகத் தெளிவு குறையும். அந்தத் தூரத்தைக் கையால் லென்ஸைத் திருப்பிப் பிடிப்பது பழைய முறை. கமராவே அளந்து, உள்ளே இருக்கும் சிறிய மோட்டாரால் லென்ஸை நகர்த்திப் பிடிப்பது ஓட்டோ போகஸ். அளப்பதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, வெளிச்சமும் நிழலும் எங்கே கூர்மையாகப் பிரிகின்றன என்று தேடுவது ஒன்று. லென்ஸின் இரு பக்கங்களால் வரும் ஒளியை ஒப்பிட்டு, எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரேயடியாகக் கணக்கிடுவது மற்றது. எந்த வழியானாலும் கமரா தேடுவது கோடுகளையும் ஓரங்களையும்தான். எது சாரம், எது பெட்டி, எதற்கு விலை போட்டிருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இந்த வசதியின் பின்னால் வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டிய ஒரு கதையும் உண்டு. பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்ட முதலாவது ஓட்டோ போகஸ் கமரா 1977இல் வந்த கொனிகா சீ35 ஏ.எப். அதற்குள் இருந்த போகஸ் கருவி அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனத்துடையது. 1985இல் மினோல்டா 7000 வந்து, லென்ஸ் மாற்றும் கமராக்களின் சந்தையையே புரட்டிப் போட்டது. தனது காப்புரிமையை மீறிவிட்டதாக ஹனிவெல் 1987இல் மினோல்டா மீது வழக்குப் போட்டது. 1992இல் 12 கோடியே 75 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து மினோல்டா அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டது. வேறு பல கமரா நிறுவனங்களும் ஹனிவெல்லுக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. மினோல்டா 2003இல் கொனிகாவுடன் இணைந்தது. 2006இல் அந்தக் கூட்டு நிறுவனம் கமராத் தொழிலிலிருந்தே விலகி, அதன் ஒரு பகுதியைச் சோனியிடம் ஒப்படைத்தது. அவ்வளவு பணம் கைமாறிய ஒரு வசதி இன்று எமது மேசையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரியாமல் கமராவைப் பாதி விலைக்குத் தள்ளுவது நட்டமல்லவா?

முதற் பாடம் பொத்தானில் இருக்கிறது. படம் எடுக்கும் பொத்தானை ஒரேயடியாக அழுத்தக் கூடாது. பாதி அழுத்தி நிறுத்த வேண்டும். கமரா போகஸ் பிடித்ததும் திரையில் ஒரு சிறு கட்டம் பச்சையாகும், அல்லது "பீப்" என்ற சத்தம் வரும். அந்தக் கட்டம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். சரக்கின் மேல் விழுந்திருந்தால் மட்டும் மீதியை அழுத்துங்கள். இல்லாவிட்டால் விரலை எடுத்து மறுபடி பாதி அழுத்துங்கள். "பீப்" சத்தம் கேட்டதென்றால் ஏதோ ஒன்றில் போகஸ் பிடித்துவிட்டது என்றுதான் பொருள். நீங்கள் விரும்பியதில் பிடித்துவிட்டது என்று பொருளில்லை.

இரண்டாவது பாடம் அந்தக் கட்டத்தைத் தெரிவு செய்வது. புதிய கமராக்கள் எங்கே போகஸ் பிடிப்பது என்பதைத் தாமே தீர்மானிக்கும்படிதான் பெரும்பாலும் வருகின்றன. மெனுவுக்குள் போய் அதை ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். பிறகு அந்தப் புள்ளியை நீங்களே நகர்த்திச் சாரத்தின் கரையிலோ சப்பாத்தின் தையலிலோ வைக்கலாம். நானாவின் கமராவில் நான் மாற்றியது இந்த ஒன்றைத்தான். அதே மேசை, அதே சாரம், அதே வெளிச்சம். கரையின் நூல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கமராவை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் கல்முனைக்குப் போகவேண்டிய அந்த ஓடர் போனது போனதுதான்.

முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடிக்கிற கமராக்கள் இப்போது தாராளமாக வந்துவிட்டன. கலியாண வீட்டில் அது நல்ல உதவி. கடையில் அதுவே இடைஞ்சலாகலாம். அபாயாவைப் பொம்மைக்குப் போட்டுப் படம் எடுத்தால் பொம்மையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு துணியின் வேலைப்பாட்டை விட்டுவிடும். சரக்கைப் படம் எடுக்கும்போது அந்த வசதியை நிறுத்திவிடுவது நல்லது. போனில் எடுப்பவர்கள் திரையில் பொருளின் மேல் விரலால் ஒரு முறை தொட்டால் அங்கே போகஸ் மாறும். பெரும்பாலான போன்களில் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அது அங்கேயே பூட்டப்படும்.

மூன்றாவது, ஓட்டோ போகஸ் தடுமாறும் இடங்களை அறிந்திருக்க வேண்டும். வேலைப்பாடில்லாத வெள்ளைத் துணியிலும் கறுப்பு அபாயாவிலும் பிடிப்பதற்குக் கோடே இல்லாததால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் அதே தூரத்திலுள்ள தையல், பொத்தான், லேபல் ஒன்றின் மேல் புள்ளியை வையுங்கள். ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் கட்டம் போட்ட துணியிலும் கமரா சில வேளை ஏமாறும். அங்கே கரை ஓரத்தைப் பிடியுங்கள். கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் கைக்கடிகாரத்தை வெளியிலிருந்து எடுத்தால், கண்ணாடியில் விழும் தெருவின் நிழலில் போகஸ் போய்விடும். பொருளை வெளியே எடுத்து வைப்பதே மேல். வெளிச்சம் குறைந்த கடைகளில் கமரா தடுமாறினால் இன்னொரு விளக்கைப் போடுங்கள். விலை கூடிய லென்ஸ் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது அதுதான்.

நான்காவது, தூரம். ஒவ்வொரு லென்ஸுக்கும் அதைவிடக் கிட்டப் போக முடியாத ஓர் எல்லை இருக்கிறது. கமராவுடன் சேர்ந்து வரும் சாதாரண லென்ஸ்கள் பலவற்றுக்கு அது 25 சென்டிமீற்றர் அளவில் இருக்கும். இது லென்ஸின் நுனியிலிருந்து அளப்பதன்று. கமராவுக்குள் படம் பதியும் இடத்திலிருந்து அளப்பது. அந்த எல்லையைத் தாண்டிக் கிட்டப் போனால் எத்தனை தடவை அழுத்தினாலும் போகஸ் பிடிக்காது. பேருவளை சீனங்கோட்டையில் கல் வியாபாரம் செய்பவர்களுக்கு இது முக்கியம். ஒரு சிறு நீலக்கல்லைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் மெக்ரோ லென்ஸ் வேண்டும். சிறிய கமராக்களில் பூவின் படம் போட்ட மெக்ரோ தெரிவு இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் சற்றுத் தள்ளி நின்று எடுத்துப் பின்னர் வெட்டிப் பெரிதாக்கலாம். மங்கலான பெரிய படத்தைவிடத் தெளிவான சிறிய படம் மேலானது.

அசையாத சரக்குக்கு ஒரு முறை பிடித்துப் பூட்டுகிற தெரிவு போதும். கெனனில் அதை வன் ஷொட் என்பார்கள், நிக்கோனிலும் சோனியிலும் ஏ.எப்.-எஸ் என்பார்கள். தொடர்ந்து பின்தொடர்கிற தெரிவு கெனனில் சேர்வோ, மற்றவற்றில் ஏ.எப்.-சீ. ஓடுகிற பிள்ளைக்கும் வாகனத்துக்கும்தான் அது. மேசை மேல் இருக்கிற சாரம் எங்கும் ஓடப்போவதில்லை.

மங்கலான படம் எல்லாமே போகஸ் பிழையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சரக்கு மங்கலாகவும் வேறொரு பொருள் தெளிவாகவும் இருந்தால் போகஸ் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டது போலிருந்தால் கை ஆடியிருக்கிறது. முன்னதற்கு மருந்து புள்ளியை மாற்றுவது. பின்னதற்கு மருந்து முக்காலியும், இரண்டு செக்கன் கழித்து எடுக்கும் டைமரும். மூக்குக் கண்ணாடி போடுகிற எங்கள் வயதினருக்கு இன்னொன்று: கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தின் அருகே ஒரு சிறு சக்கரம் பல கமராக்களில் உண்டு. அது உங்கள் கண்ணுக்கேற்ப அந்தத் துவாரத்தின் தெளிவை மட்டுமே மாற்றும். படத்தில் எதையும் மாற்றாது.

பழகுவதற்கு மூன்று நெருப்புப் பெட்டிகள் போதும். மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சாண் இடைவெளியில் சாய்வாக வையுங்கள். முதலில் நடுப் பெட்டியில் போகஸ் வைத்து எடுங்கள். பிறகு முன் பெட்டி, பிறகு பின் பெட்டி. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, நீங்கள் சொன்ன பெட்டியின் எழுத்து வாசிக்கக் கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சொன்னபடி வந்தால் கமரா உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டது. பிறகு கடையில் படம் எடுக்கும் பையனுக்கும் இதையே பழக்குங்கள். படம் அனுப்புமுன் பெரிதாக்கிப் பார்ப்பதையும் அவனுக்கு வழக்கமாக்குங்கள். நிறுக்காமல் சரக்கை ஒப்படைக்க மாட்டோம் அல்லவா? படத்துக்கும் அதுதான் முறை.